குளிருக்கும் ஒரு கலுங்கு



மதுரையின் வடபால் உள்ள ஆனையூரில் வாழ்பவன் நான். 2011ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட இவ்வூரில், வயல்கள் இருந்த இடங்களில் இன்று அடுக்கு வீடுகள் எழுந்திருக்கின்றன. ஆயினும் கண்மாய் என்னும் சொல் எங்கள் நாவினின்றும் நீங்கிவிடவில்லை. கண்மாய்க்கு இன்றியமையாத உறுப்புகள் மூன்று என்று எங்கள் பெரியவர்கள் கூறுவார்கள். நீரைத் தடுத்து நிறுத்துவது கரை. பயிருக்கு நீரைத் தருவது மடை. மிகுந்த நீரை வெளியே விடுவது கலுங்கு. கரையைக் கட்டியவனையும் மடையைத் திறப்பவனையும் ஊரார் அறிவார்கள். கலுங்கை நினைப்பவர் மிகச் சிலர். ஆனால் ஐப்பசி கார்த்திகை மாதங்களில் பெருமழை பெய்யும்போது கண்மாயையும், அதன் கீழுள்ள ஊரையும் காப்பது அந்தக் கலுங்குதான். நீரைச் சேர்க்கத் துணிந்தவன், மிஞ்சும் நீர் போகும் வழியையும் முன்னதாகவே வகுத்தாக வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கண்மாயைப் பற்றியதன்று; படகில் வைக்கப்பட்ட குளிர்சாதனத்தைப் பற்றியது. 'இது என்ன விந்தையான பொருள்! கடலைக் காண ஒரு நாள் பயணம் செய்ய வேண்டிய மதுரைக்காரருக்குப் படகைப் பற்றி என்ன தெரியும்?' என்று நீங்கள் எண்ணலாம். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். ஆகையால் கண்மாயில் தொடங்கினேன். படகைப் பற்றி எனக்குத் தெரிந்ததோ, ஒரே இரவில், நான் செய்யவிருந்த ஒரு பிழையின் வாயிலாகத் தெரிந்தது. அப்பிழையை மறைக்காமல் சொல்லிவிடுவதுதான் உங்களுக்குப் பயன் தரும்.

2023ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில் என் மகளும் மருமகனும் பேரக்குழந்தைகளும் என்னையும் என் மனைவியையும் ஆலப்புழைக்கு அழைத்துச் சென்றார்கள். வேம்பநாட்டுக் காயலில் ஓடும் கெட்டுவள்ளங்களை உங்களிற் பலர் படத்திலேனும் பார்த்திருப்பீர்கள். ஆஞ்சிலி மரப் பலகைகளை இரும்பாணி இன்றித் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்து இணைப்பது அவற்றின் பழைய முறை. முன்னாளில் அவை குட்டநாட்டு நெல்லைச் சுமந்து சென்றன. சாலைகளும் பாலங்களும் பெருகிய பின்னர் அந்தத் தொழில் குன்றியது. இன்று மூங்கிற் பாயால் கூரை வேய்ந்து, உள்ளே அறைகள் அமைத்து, பயணிகள் தங்கும் மிதக்கும் வீடுகளாக அவை உலவுகின்றன. நாங்கள் ஏறிய படகில் மூன்று அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஏ.சி. என்று நாம் சொல்லும் குளிர்சாதனம் ஒன்று. மாலையில் மீனவர்கள் வலை விரிக்கும் நேரமானதும் படகைக் கரையோரம் கட்டிவிட்டார்கள். இரவு ஒன்பது மணிக்குப் பின்புறத்தில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது, அறைகள் குளிர்ந்தன.

நள்ளிரவு கடந்திருக்கும். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் பேரன் என்னைத் தட்டி எழுப்பினான். "தாத்தா, கூரை ஒழுகுகிறது. மழை பெய்கிறதா?" என்று கேட்டான். வானத்தில் மழை இல்லை. சுவரில் மாட்டியிருந்த குளிர்சாதனத்தின் இடப்புற மூலையிலிருந்து நீர் சொட்டி, அவன் படுத்திருந்த மெத்தையின் பாதியை நனைத்திருந்தது.

மாணவர்களே, கதையைச் சற்றே நிறுத்திவிட்டு, அந்த நீர் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். என் பேரன் கூரையைச் சந்தேகித்தான். பலர், 'இயந்திரத்துக்குள் ஊற்றிய நீர் கசிகிறது' என்று நினைக்கிறார்கள். இரண்டும் தவறு. அந்த நீர் அறையில் இருந்த காற்றிலிருந்து பிறந்தது.

கோடைக்காலத்தில் மண்பானையின் புறத்தே ஈரம் அரும்புவதைக் காண்கிறோம். ஐஸ் போட்ட செம்பின் புறத்தேயும் நீர்த்துளிகள் அரும்புவதைக் காண்கிறோம். இரண்டையும் ஒன்றெனத் தேர்வில் எழுதிய மாணவர்கள் பலருக்கு நான் மதிப்பெண் குறைத்திருக்கிறேன். பானையின் ஈரம் உள்ளிருந்து நுண்துளைகளின் வழியே வெளிவந்தது, அது ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது, பானை குளிர்கிறது. செம்பின் ஈரமோ வெளிக்காற்றிலிருந்து வந்தது. ஆவி நீராகும்போது தன்னிடமுள்ள வெப்பத்தைச் செம்புக்குக் கொடுக்கிறது. உள்ளிருக்கும் ஐஸ் விரைந்து உருகுகிறது. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரண்டு துளிகள் செய்யும் வேலைகள் நேர்மாறானவை.

குளிர்சாதனத்தினுள் இருக்கும் சுருள் குழாய் அந்தச் செம்பைப் போன்றது. 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள காற்று, ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் அது தாங்குவது 17 கிராம். 10 பாகையில் 9 கிராமுக்குச் சற்றே மேல். காயலின் மீது தவழும் காற்று தன் கொள்ளளவில் பெரும்பகுதியை எப்போதும் நிரப்பியே வைத்திருக்கும். அக்காற்று குளிர்ந்த சுருளைத் தழுவும்போது, தாங்க முடியாத சுமையைக் கீழே போட்டுவிடுகிறது. அதுவே அந்த நீர். காற்று நீரைக் கைவிடத் தொடங்கும் அந்த வெப்பநிலையைப் பனிநிலை என்று உங்கள் பாடநூல் சொல்லும்.

ஒரு வரலாற்றுச் செய்தியையும் இங்கே நினைவூட்ட வேண்டும். அமெரிக்கப் பொறியாளர் வில்லிஸ் கேரியர் 1902ஆம் ஆண்டில் இக்காலக் குளிர்சாதனத்தின் முன்னோடியை அமைத்தது, மனிதர்களுக்குக் குளிரூட்டுவதற்காக அன்று. நியூயார்க் நகரத்துப் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் காகிதம் விரிவதும் சுருங்குவதுமாக இருந்தது. ஒரு வண்ணத்தின் மீது அடுத்த வண்ணம் சரியாகப் பொருந்தவில்லை. நம் சிவகாசி அச்சகத்தார்க்கு இந்தத் தொல்லையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை ஆள்வதற்கென்றே அந்த இயந்திரம் பிறந்தது. ஆகவே நீர் சொட்டுவது குளிர்சாதனத்தின் நோய் அன்று. அதன் பிறவிக் கடமை. அந்த நீர் எங்கே போகிறது என்பதில்தான் நலமும் கேடும் அடங்கியிருக்கின்றன.

எவ்வளவு நீர் வரும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குளிர்சாதனத்தை 'ஒரு டன்', 'ஒன்றரை டன்' என்று கடையில் சொல்கிறார்களே, அது இயந்திரத்தின் எடை என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் அது பனிக்கட்டியின் எடை. 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோகிராம் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை வாங்குமோ, அவ்வளவு வெப்பத்தை அகற்றும் ஆற்றலே ஒரு டன். ஒரு கிராம் பனிக்கட்டி உருக ஏறக்குறைய 80 கலோரி வேண்டும். பெருக்கி 24ஆல் வகுத்தால் மணிக்குச் சுமார் 3,000 கிலோகலோரி வரும். ஈரம் மிகுந்த இடத்தில் இதில் மூன்றில் ஒரு பங்கு, ஆவியை நீராக்குவதற்கே செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் ஆவி நீராக மாறும்போது சுமார் 580 கலோரி வெளிப்படும். ஆயிரம் கிலோகலோரியை 580ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1,700 கிராம் நீர். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கும் மேல்! இயந்திரம் ஓயாது ஓடினால், ஒன்பது மணி நேரத்தில் ஒரு குடம் நிறைந்துவிடும். மூன்று அறைகளுக்கு மூன்று குடம். ஓர் இரவில் மூன்று குடம் நீரை யாரும் அறியாமல் ஒரு படகுக்குள் ஊற்றினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பனிக்கட்டி என்றவுடன் மற்றொரு பழைய படகுக் கதை நினைவுக்கு வருகிறது. பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டூடர், 1833ஆம் ஆண்டு மே மாதத்தில் 'டஸ்கனி' என்னும் கப்பலில் சுமார் 180 டன் பனிக்கட்டியை ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணம். நிலநடுக்கோட்டை இருமுறை கடக்க வேண்டும். செப்டம்பரில் கப்பல் வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் கட்டியாகவே இருந்தது. எல்லோரும் அந்த நூறு டன்னைக் கண்டு வியந்தார்கள். நானோ மீதி எண்பது டன்னை நினைக்கிறேன். அந்த எண்பது டன்னும் கப்பலின் வயிற்றுக்குள்ளேயே நீராயின. அந்நீர் தேங்கி நின்றால் எஞ்சிய கட்டியையும் கரைக்கும். அலையில் இங்குமங்கும் பாய்ந்து கப்பலின் நிலையையும் கெடுக்கும். உருகிய நீரை அகற்றும் வழி இல்லாமல் பனிக்கட்டி வணிகம் இல்லை. பிறகு சென்னைக் கடற்கரையிலும் 1842ஆம் ஆண்டில் பனிக்கட்டிக் கிடங்கு ஒன்று கட்டப்பட்டது. 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய பெருமையால் இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் ஐஸ் ஹவுஸ் அதுவே. பனிக்கட்டிக் கப்பல்களின் காலம் போயிற்று. 'டன்' என்னும் அளவு மட்டும் நம் வீட்டுச் சுவரில் நிலைத்துவிட்டது. அந்தக் கப்பலுக்கு இருந்த நீர்த் தொல்லையும் கூடவே வந்துவிட்டது.

இனி எங்கள் படகுக்குத் திரும்புவோம். வீட்டில் இந்த நீரை வெளியேற்றுவது எளிது. சுருளுக்குக் கீழே ஒரு தட்டு. தட்டின் ஓரத்தில் ஒரு துளை. துளையிலிருந்து ஒரு குழாய். கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தரைக்கு வாட்டம் கொடுப்பதுபோல, குழாய்க்கும் வாட்டம் கொடுத்துவிட்டால் நீர் தானே ஓடிவிடும். வீடு நாளைக்கும் நேற்று நின்றபடியே நிற்கும். இன்று கொடுத்த வாட்டம் பத்தாண்டு கழித்தும் வாட்டமே. படகுக்கு அந்த உறுதி கிடையாது. பத்துப் பேர் ஒரு பக்கம் வந்து நின்றால் அது சாயும். ஒரு பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி காலியானால் மறுபக்கம் தாழும். ஓடும்போது முன்புறம் நிமிரும், நிற்கும்போது படியும். படகில் ரசமட்டத்துக்கு மதிப்பு இல்லை. பகலில் பள்ளமாக இருந்த இடம் இரவில் மேடாகிவிடும்.

எங்கள் அறையில் நிகழ்ந்தது இதுவே. துளையும் குழாயும் இயந்திரத்தின் வலப்புறத்தில் இருந்தன. மாலையில் பயணப் பெட்டிகளையெல்லாம் இடப்புறத்தில் அடுக்கினோம். படகும் கரையோரத்தில் சற்றே இடப்புறம் சாய்ந்து நின்றது. தட்டில் தேங்கிய நீர் துளையை நாடாமல், எதிர்மூலையில் வழிந்துவிட்டது.

அங்கே ஸ்ராங்கு என்று அழைக்கப்படும் படகோட்டியை எழுப்பினோம். அவருக்கும் என் வயதே இருக்கும். கையில் விளக்கோடும் வாளியோடும் வந்தார். மருமகன் வாளியை வாங்கிச் சொட்டும் இடத்தில் வைத்தார். அப்போது நான் என் அறிவைக் காட்ட முற்பட்டேன். நான் பட்டம் பெற்றவன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அறிவியல் கற்பித்தவன். தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். "ஐயா, எதற்கு இந்த வாளி? குழாயை வெளியே நீட்டி, வாட்டம் பார்த்து அல்லற்படுவானேன்? தரைப் பலகையில் ஒரு துளையிட்டுக் குழாயைக் கீழே விட்டுவிடுங்கள். அடியில் எப்படியும் கசிவு நீர் இருக்கிறது. அதை இறைக்கப் பம்பும் இருக்கிறது. இந்த நீரும் அதோடு போய்விடும் அல்லவா?" என்றேன். பள்ளத்தை நோக்கி நீர் பாயும். படகில் எல்லாவற்றினும் பள்ளமான இடம் அதன் அடிவயிறு. ஆகவே நீரை அங்கே விடலாம். தருக்கத்தில் குறை இல்லை என்றே கருதினேன்.

அவர் சிரிக்கவில்லை. "வேண்டாம் சாரே. கீழே போகிற வழியிலே மேலே வருகிறதும் உண்டு" என்றார். பிறகு தமிழும் மலையாளமும் கலந்து அவர் சொன்னவற்றை என் சொற்களில் தருகிறேன்.

முதலாவது, மரத்தைப் பற்றியது. உப்பு நீரைக் காட்டிலும் நன்னீரே படகு மரத்துக்குக் கேடு என்றார். எனக்கு வியப்பாக இருந்தது. பின்னர் படித்தபோது உண்மை என்று கண்டேன். மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைகளுக்கு உப்பு ஒவ்வாது. காற்றிலிருந்து பிறந்த தூய நீர் அவற்றுக்கு விருந்து. வெயிலும் காற்றும் புகாத அடித்தளத்தில் நாள்தோறும் மூன்று குடம் விருந்து வைத்தால், பலகையும் அதைத் தைத்த கயிறும் எத்தனை காலம் தாங்கும்?

இரண்டாவது, நீரோடு நீர் கலப்பதைப் பற்றியது. என்ஜின் உள்ள படகின் அடியில் தேங்கும் நீரில் எண்ணெய்க் கசிவும் சேர்ந்திருக்கும். அதில் தூய நீரை ஊற்றினால் அழுக்கு நீர் தூய்மையாவதில்லை. தூய நீரும் அழுக்காகிறது. கடலில் செல்லும் கப்பல்களுக்கு 1973இலும் 1978இலும் வகுக்கப்பட்ட மார்போல் என்னும் உலக உடன்படிக்கை ஒன்று உண்டு. அதன்படி, என்ஜின் அறையின் அடியில் சேர்ந்த நீரைக் கடலில் விடுமுன், பத்து லட்சம் பங்கில் எண்ணெய் 15 பங்கைத் தாண்டாதவாறு பிரித்தெடுத்தாக வேண்டும். ஆகவே குளிர்சாதன நீரை அங்கே சேரவிட்டால், செலவில்லாமல் கிடைத்த நன்னீரைச் செலவு செய்து தூய்மைப்படுத்த வேண்டிய கழிவாக நாமே மாற்றிக்கொள்கிறோம். தனியே சேர்த்துவைக்கும் பெரிய கப்பல்களில் அதே நீர் துணி வெளுக்கவும் தளம் கழுவவும் பயன்படுகிறது. சேரும் இடத்தைப் பொறுத்தே நீரின் தகுதி அமைகிறது.

மூன்றாவதாக அவர் சொன்னதுதான் என் உறக்கத்தைக் கெடுத்தது. "பின்னால் ஜெனரேட்டர் ஓடுகிறது. அதன் புகை பலகைக்குக் கீழே வந்து நின்றால், இந்தக் குழாய் வழியாக அறைக்குள் ஏறும். குழந்தைகள் கதவை அடைத்துக்கொண்டு உறங்குகிறார்கள்" என்று கூறிவிட்டு, விளக்கைக் கீழே வைத்தார்.

இதன் அறிவியல் எனக்கு அந்தக் கணமே விளங்கியது. முன்னரே விளங்காததற்காக வெட்கினேன். குளிர்சாதனத்தினுள் விசிறி காற்றை இழுக்கிறது. அந்த இழுப்பு, நீர்த்தட்டு இருக்கும் பகுதியிலும் உண்டு. தட்டிலிருந்து கீழே செல்லும் வெற்றுக் குழாய், இளநீரில் இட்ட உறிஞ்சுகுழல் போன்றது. மறுமுனையில் எது இருக்கிறதோ அதை மேலே உறிஞ்சும். அங்கே என்ஜின் புகை இருந்தால் புகை வரும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்வதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு இதைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம். உறங்குபவனுக்கோ அந்த அறிகுறிகளும் தெரியா. டீசலைவிடப் பெட்ரோலில் ஓடும் என்ஜினிலிருந்து இந்த அபாயம் மிகுதி. எனினும் எதையும் நம்பி உறங்குவதற்கில்லை. படகுக் குளிர்சாதனம் செய்வோர் தரும் கையேடுகளில் இது எச்சரிக்கையாகவே அச்சிடப்பட்டிருக்கிறது. நீர்க் குழாயின் முனை என்ஜினோ ஜெனரேட்டரோ உள்ள அறையில் முடியக் கூடாது. புகைக்குழாயின் வாயிலிருந்து மூன்று அடிக்குள் இருக்கக் கூடாது. மூடப்பட்ட தொட்டியோடு இணைந்திருந்தாலன்றி அடித்தளத்திலும் முடியக் கூடாது. இந்தக் கையேட்டை அந்த ஸ்ராங்கு படித்தாரோ, அறியேன். அதன் பொருளை அறிந்திருந்தார். நான் நூறு முறை காற்றழுத்தத்தைப் பற்றி வகுப்பெடுத்திருக்கிறேன். அறிந்ததை உரிய நேரத்தில் பொருத்திப் பார்க்கத் தவறினேன். என் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்து யாரேனும் அந்தத் துளையை இட்டிருந்தால், அந்தப் படகில் அதற்குப் பின் உறங்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான் அல்லவா பொறுப்பாவேன்?

சரி, செய்ய வேண்டியது என்ன? அன்றிரவு அவர் செய்தது மிக எளியது. பெட்டிகளில் பாதியை வலப்புறத்துக்கு மாற்றச் சொன்னார். கரையில் கட்டிய கயிற்றைச் சற்றே தளர்த்தினார். படகு நிமிர்ந்தது. வெளியே சென்று குழாயின் முனையை வாயால் ஊதினார். வழவழப்பான பாசி ஒரு பிடி வந்து விழுந்தது. குழாயை மடிப்பின்றி நேராக்கி, நீர்மட்டத்துக்கு மேலே, காயலை நோக்கிக் கட்டினார். கால் மணி நேரத்தில் சொட்டு நின்றது. வெளியே நூல்போல நீர் விழும் ஓசை கேட்டது.

இதை நிலையாகச் செய்யும் முறையையும் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். படகு எப்பக்கம் சாய்ந்தாலும் நீர் போவதற்காகத் தட்டின் இரு முனைகளிலும் துளை வைக்க வேண்டும். குழாய் தொடக்கம் முதல் இறுதிவரை இறங்கிக்கொண்டே செல்ல வேண்டும். நடுவில் தொய்வும் ஏற்றமும் கூடா. வழியில் ஓரிடத்தில் மட்டும், கைகழுவும் தொட்டிக்குக் கீழே காணப்படும் வளைகுழாயைப் போல ஒரு வளைவு அமைப்பார்கள். அதில் நிற்கும் சிறிது நீர், மேலே வரத் துடிக்கும் காற்றுக்கு வாயிற்காவலனாகும். ஆனால் சாதனத்தை இயக்காமல் பல நாள் விட்டால் அந்த நீர் வற்றிப்போகும். காவலன் இல்லாத வாயில் திறந்த வாயில்தான். ஆகவே வளைவை நம்பிக் குழாய் முனையைப் புகை வரும் இடத்தில் வைக்கலாகாது. நீரைத் தானே வெளியே ஓடவிட முடியாத தாழ்ந்த அறைகளில், மூடியுள்ள சிறு தொட்டி ஒன்றில் நீரைச் சேர்த்து, மிதவை உயர்ந்ததும் தானே இயங்கும் பம்பினால் வெளியேற்ற வேண்டும். படகின் பக்கத்தில் இடும் துளை நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும்; ஏனெனில், உள்ளே இருக்கும் நீரை வெளியே விட இட்ட துளை, வெளியே இருக்கும் நீரை உள்ளே விடும் துளையாக மாறிவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மாதம் ஒரு முறையேனும் தட்டையும் குழாயையும் கழுவ வேண்டும். கலுங்கைக் கட்டினால் போதாது. ஆண்டுதோறும் தூர் எடுக்கவும் வேண்டும்.

'நாங்கள் படகு வைத்திருக்கவில்லையே' என்று நீங்கள் சொல்லலாம். வைத்திருப்பவர்களாகவோ, வடிவமைப்பவர்களாகவோ, பழுது பார்ப்பவர்களாகவோ நீங்கள் ஆகும் காலம் வந்துகொண்டிருக்கிறது. 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலுக்கு முன்னர், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேறியவர்கள் கடற்காற்றையே குளிர்சாதனமாகக் கொண்டார்கள். 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் கொச்சியில் தொடங்கிய நீர்வழி மெட்ரோவின் மின்சாரப் படகுகளோ, குளிரூட்டப்பட்டவை. அதே ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் 'செரியபாணி' என்னும் விரைவுப் படகு சென்றது. சில நாட்களில் நின்ற அச்சேவையை 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்னும் கப்பல் மீண்டும் தொடங்கியது. நம் கடலிலும் காயலிலும் மூடிய கண்ணாடிக்குள் குளிர்ந்த அறைகள் பெருகும். குளிர் பெருகும் இடமெல்லாம் நீரும் பெருகும்.

ஆனையூருக்குத் திரும்பிய மறுநாளே என் பேரன் எங்கள் வீட்டுக் குளிர்சாதனத்தின் குழாய்க்குக் கீழே வாளியை வைத்தான். அந்த வறண்ட மே மாதப் பகலில் மூன்று மணி நேரத்தில் ஒரு செம்பு நீர்கூடத் தேறவில்லை. கார்த்திகை மாதத்து ஈர இரவில், அவன் சொல்லி நானே அளந்தபோது, வாளி பாதிக்கு மேல் நிறைந்தது. காற்றின் ஈரம் எவ்வளவு என்பதை வாளி சொல்லும் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. நான் கரும்பலகையில் ஒரு வாரம் நடத்தும் பாடம் அது. அன்றுவரை அந்நீர் பக்கத்துச் சந்தில், போகிறவர் வருகிறவர் தலையில் சொட்டிக்கொண்டிருந்ததை நான் கவனித்ததே இல்லை. இப்போது குழாயை நீட்டிக் கறிவேப்பிலைச் செடியின் வேரில் விட்டிருக்கிறோம். குடிப்பதற்கு அந்நீர் ஆகாது. சுருளின் தூசும் கிருமியும் அதில் இருக்கும். செடிக்கு அது போதும்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் எதை உருவாக்கினாலும், அதனால் விளையும் வசதியைக் கணக்கிடும்போதே அதன் கழிவு போகும் வழியையும் கணக்கிடுங்கள். கண்ணுக்கு மறைவான பள்ளத்தில் தள்ளிவிட்டால் ஒழிந்தது என்று எண்ணாதீர்கள். கீழே போகிற வழியிலே மேலே வருகிறதும் உண்டு. இதை எனக்குக் கற்பித்தவர் வேம்பநாட்டுக் காயலில், நள்ளிரவில், வாளியோடு நின்ற ஒரு படகோட்டி. பல ஆண்டுகள் மாணவர்களைக் கேள்வி கேட்டே பழகிய நான், அன்று அவரிடம் மாணவனாக நின்றதைப் பெருமையாகவே கருதுகிறேன். பொழுது விடிந்ததும் அவருக்கு என் நன்றியைச் சொன்னேன். அவர் வெளியே விழும் நீர்நூலைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஓடுகிறது சாரே, இனிப் பயமில்லை" என்றார்.